ஓரியூரில் வாங்கிய நூல் செபமாலை: எட்டு மாத அனுபவம்

பிப்ரவரியில் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போனபோது வெளியே ஒரு தரைக்கடையில் 60 ரூபாய்க்கு வாங்கினேன். மணியே கிடையாது. வலை பின்னுகிற நைலான் நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, கடைசியில் ஒரு மரச் சிலுவை. "கடல்காத்துக்கு இதுதான்க்கா தாங்கும்" என்றாள் விற்ற பெண்.

தாங்குகிறது. எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், கரைக்குப் பக்கத்தில். முன்பு வைத்திருந்த முலாம் பூசிய சங்கிலி ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. அப்புறம் போனில் செபமாலையைப் போட்டுவிட்டு உட்கார ஆரம்பித்தோம். போன் சொல்லும், நாங்கள் கேட்போம். ஒரு பத்து என்றால் பத்துத் தடவை அருள் நிறைந்த மரியே செபம். இரண்டாம் பத்தில் சின்னவன் தூங்குவான், மூன்றாவதில் மாமியார், நாலாவதில் நான். கடைசிவரை முழித்திருந்தது போன் மட்டும்தான்!

இப்போது மாலை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பத்தைத் தொடங்க வேண்டும். முடித்ததும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து பத்து, வீட்டில் ஐந்து பேர். தூங்க வழியில்லை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிற ராத்திரிகளில் அவருடைய பத்தை மாமியார் சொல்வார். படகு போவது திங்கள், புதன், சனி. செபமாலை சொல்லும்போது நினைத்துப் பார்க்கிற இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்ச்சிகள்தான் மறையுண்மை, கிழமைக்கு ஏற்ப மாறும். திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மை, புதன் மகிமை. துயர மறையுண்மை வருகிற செவ்வாயும் வெள்ளியும் அவர் வீட்டில் இருப்பார். யாரும் யோசித்து வைத்ததில்லை, ஆனாலும் எனக்கு அதில் ஒரு நிம்மதி. வியாழக்கிழமை ஒளியின் மறையுண்மை. 2002-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது. மாமியாருக்கு அது இன்னும் மனப்பாடமாகவில்லை, பெரியவள்தான் எடுத்துக்கொடுப்பாள்.

கல்யாணத்துக்குப் போன தலைவர் ராத்திரியின் இரண்டாம் காவலில், அதாவது இரண்டாம் பங்கில், வந்தாலும் மூன்றாம் காவலில் வந்தாலும் ஊழியர்கள் விழித்திருக்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் வரும். எங்கள் தெருப் பெண்களுக்கு இதற்குப் பிரசங்கம் தேவையில்லை. மூன்றாம் காவலில் இஞ்சின் சத்தத்துக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருப்போம். ஆனால் நான் இத்தனை வருடம் செய்தது விழித்திருப்பது இல்லை, போனைப் பார்த்துக்கொண்டு பயந்து கிடந்தது. இப்போது தூக்கம் வராவிட்டால் தலையணைக்கு அடியில் கை போகிறது. முடிச்சு விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படும், விளக்குப் போட வேண்டாம்.

குறை இரண்டு. எல்லா முடிச்சும் ஒரே அளவு. கரண்ட் போன நேரத்தில் சின்னவன் ஒரு பத்தில் பதிமூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, வலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பத்துக்கு ஒன்றாகச் சிவப்பு நூல் சுற்றி, நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கிக் கொடுத்தார். அதோடு அந்தக் குழப்பம் தீர்ந்தது. இரண்டாவது, சிலுவை. துளை தளர்ந்து ஜூலையில் எங்கேயோ விழுந்துவிட்டது. இப்போது தொங்குவது சின்னவன் குருத்தோலையில் மடித்தது. அதுவும் உதிர்கிறது.

வாங்குகிறவர்கள் சிலுவையை நன்றாக இழுத்துப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு நூல் வேண்டாம், ராத்திரி கீழே விழுந்தால் தேடி மாளாது. வரும் பிப்ரவரியில் நான் படகுக்கு ஒன்று வாங்கப்போகிறேன், வெள்ளையில்.