14,400 ரூவா போச்சு, வாக்கி டாக்கி வாங்கப் போறவங்க இத படிச்சுட்டுப் போங்க

கோவம் அடங்கல, அடங்குறதுக்குள்ள எழுதிரணும்னு உக்காந்திருக்கேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. எட்டு வாக்கி டாக்கி, செட்டு 1,800 வீதம் மொத்தம் 14,400 ரூவா. அதுல ஒண்ணு கூட உருப்படி இல்ல.

நாங்க பாளையங்கோட்டைப் பயலுவ எட்டு பேரு. பாதி பேருக்கு பெங்களூர், கோயம்புத்தூர்ல வேலை, லீவுக்கு வந்தா சேந்து பெயிண்ட்பால் ஆடுவோம், பெயிண்ட் உருண்டைய துப்பாக்கியால எதிராளி மேல சுடுற ஆட்டம். துபாய்ல ஏர்சாஃப்ட், அதான் சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடுற ஆட்டம், ஆடிப் பழகுன மச்சான் ஒருத்தன் கிளப்பி விட்ட பைத்தியம் இது. சீவலப்பேரி ரோட்டுல ஒரு பழைய செங்கல் சூளை, சுத்தி உடங்காடு, நடுவுல ஒரு ஓடை, தோட்டக்கார அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு அங்கனதான் ஆட்டம். போன்ல பேசிக்கிட வேண்டியதுதானலேன்னு எங்க அம்மா கூட கேட்டாவ. டவர் ஒரு கோடுதான் வரும், மூஞ்சில மாஸ்க், ரெண்டு கையிலயும் மார்க்கர்னு சொல்லுத பெயிண்ட் துப்பாக்கி, குரூப் கால் போட்டா சூளைக்குப் பின்னால போறவன் கட்டாயிருவான், பொறவு அவன மறுபடி கூப்பிட்டு சேக்கதுக்குள்ள எதிராளி வந்து பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருவான். பட்டனை அமுக்கினா டீம்ல நாலு பேருக்கும் ஒரே நேரத்துல கேக்கணும், அதுக்குத்தான் வாக்கி டாக்கி. அந்த துபாய் மச்சான் சொன்னான், அங்க எல்லார் காதுலயும் இயர்பீஸ், நெஞ்சுல பேசுற பட்டன், ஒருத்தன் வாய் தொறந்து கத்த மாட்டான்னு. ஆசை வந்துட்டு எல்லாருக்கும்.

மொத்தமா வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் கோத்து விடுற ஆன்லைன் தளம் இருக்குல்லா, அதுல ஒண்ணுல விசாரிச்சுப் போட்டேன். போட்ட நிமிசத்துல இருந்து போன் மேல போன், எல்லாம் இந்தி. அப்பதான் ஒருத்தர் தமிழ்ல பேசினாரு. "அண்ணாச்சி, எந்த ஊரு நீங்க?" பாளைன்னேன். "அட, நமக்கு தென்காசி பக்கம்லா, இப்ப பொழப்புக்கு வடக்க கெடக்கேன்." அருவியில தண்ணி விழுதா, சாரல் இருக்கா, அல்வாக் கடையில இன்னும் அந்தக் கூட்டம் நிக்கான்னு ஒவ்வொண்ணா கேக்காரு. அந்தக் குரல்ல கொஞ்சம் கூட கள்ளம் தெரியல, இப்ப நெனச்சாலும் அதுதான் வயிறு எரியுது. வீடியோ கால்ல வந்து மேசைல ரெண்டு செட்ட வச்சு, ஒண்ணுல பேசி இன்னொண்ணுல கேக்க வச்சாரு, "நெல்லைச் சீமை, நெல்லைச் சீமை, கேக்குதா"ன்னு. நாங்க எல்லாம் ஒரே சிரிப்பு. ஒரே ரூமுக்குள்ள எந்த விளையாட்டுச் சாமானும் பேசத்தான் செய்யும்! பத்து கிலோமீட்டர் போவும், அஞ்சு வாட், லைசென்ஸ் வேண்டாம், சர்டிபிகேட் இருக்குன்னு ஒரு பிடிஎஃப்பும் வந்துச்சு. அதுல அலைவரிசை 446 மெகாஹெர்ட்ஸ்னு போட்டிருந்துச்சு.

பணத்த தளத்தோட லிங்க்லதான் கட்டினோம். பொருள் கையில வந்து நீங்க திருப்தின்னு சொல்லுத வரைக்கும் பணம் எங்ககிட்டதான் இருக்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். 14,400 ரூவா, எட்டு பேரு காசு, ஆளுக்கு 1,800.

பொட்டி வந்துச்சு, நேரா சூளைக்குப் போனோம். ஓடைய தாண்டி இறங்கினதும் கர்ர்ர்னு ஒரு இரைச்சல், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. சூளைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கவன் வாயால கத்துறது கேக்கு, செட்டுல கேக்கல. ஒரு செட்டுல பேசுற பட்டன் உள்ள போயி மாட்டிக்கிட்டு வெளிய வரல. ஒருத்தன் பட்டன் அமுங்கியே இருந்தா அந்தச் சேனல்ல வேற யாரும் பேச முடியாது பாத்துக்கோங்க, டீம் மொத்தமும் அவன் மூச்சு வாங்குறத கேட்டுக்கிட்டு நின்னோம். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு செட்டா பேட்டரி செத்துச்சு. ஒரு பேட்டரிய கழட்டி மேல ஒட்டியிருந்த 3000 எம்ஏஎச் ஸ்டிக்கர நகத்தால உரிச்சேன். அடியில இன்னொரு ஸ்டிக்கர், சீன எழுத்து, நடுவுல 800. அந்த நிமிசம் ஒருத்தரும் பேசல.

அன்னைக்கே அவருக்குப் போன் போட்டேன். "ஓப்பன் கிரவுண்டுல டெஸ்ட் பண்ணுங்க அண்ணாச்சி." சரின்னு கிரவுண்டுக்குப் போயி வீடியோ எடுத்து அனுப்பினேன். "சார்ஜ் ஃபுல்லா போட்டீயளா?" போட்டோம். "ஸ்டிக்கர உரிச்சா வாரண்டி போச்சுல்லா." பொறவு "ஓனர் ஊர்ல இல்ல". கடைசியில அதே குரல், ஆனா அண்ணாச்சி காணாமப் போயி சார் ஆயிட்டு, "சார், இது நாங்க அனுப்புன பொருளே இல்ல, சீரியல் நம்பர் வேற." அதுக்குப் பொறவு போன் போவல, நம்பர பிளாக் பண்ணிட்டான் களவாணிப்பய.

தளத்துக்காரன் அதுக்கு மேல. சாட்ல வந்த பொண்ணு ஒவ்வொரு தடவையும் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்", அடுத்த தடவை வேற பேரு, மறுபடி முதல்ல இருந்து கதை சொல்லணும். பணம் உங்ககிட்டதானே இருக்கு, நிறுத்துங்கன்னா, டெலிவரி ஆயிட்டுன்னு கூரியர்காரன் போட்ட உடனே பணம் தானாவே கடைக்காரருக்குப் போயிட்டாம். நான் எப்பய்யா திருப்தின்னு சொன்னேன்? "நாங்க விக்கிறவரையும் வாங்குறவரையும் இணைக்கிறவங்க மட்டும்தான் சார்." கமிஷன் வாங்கும்போது மட்டும் இணைக்கிறவன் இல்லையோ? சவத்து மூதிய.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதுதான் பெருசு. எனக்கு மாமா முறையில ஒருத்தர், பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுறதுக்கு உள்ள ஹாம் ரேடியோ லைசென்ஸ் வச்சிருக்காவ. அவிய வீட்டுக்கு ஒரு செட்ட எடுத்துட்டுப் போனேன். அவிய மெஷின்ல பாத்தா முதல் சேனலே 462.5625 மெகாஹெர்ட்ஸ். "இது அமெரிக்காக்காரன் குடும்பத்தோட பேசுறதுக்கு ஒதுக்கி வச்ச சேனல்லா மாப்ள, நம்ம நாட்டுல இத லைசென்ஸ் இல்லாம அமுக்கினா தப்பு"ன்னாவ. இங்க வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் இல்லாம விட்டிருக்கது 446.0 முதல் 446.2 வரைக்கும்தான், அதுவும் கம்மி பவர்ல. அந்த மாடலுக்கு டபிள்யூபிசியோட, அதான் மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவோட, ஈடிஏங்கிற அனுமதி சர்டிபிகேட்டும் இருக்கணும். அந்தாளு அனுப்பின பிடிஎஃப் ஐரோப்பாவுக்கு உள்ள சிஇ பேப்பர், நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்ப இந்த எட்டையும் வேற எவன் தலையிலயும் கட்டக்கூட முடியாது, 14,400 ரூவா அப்படியே முழுசா தண்ணியில.

இது அரசாங்கத்துக்குத் தெரியாத கதையும் இல்ல. 2025 மே மாசமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி வாக்கி டாக்கி விக்கிறதுக்காக 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் விட்டுட்டு, பொறவு வழிகாட்டு நெறிமுறையும் போட்டிருக்கு, எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேணுமா வேண்டாமா, ஈடிஏ இருக்கான்னு தெளிவாப் போட்டுத்தான் விக்கணும்னு. அந்தாளு தளத்துல பொருள் போட்டிருந்த பக்கத்துல அதுல ஒரு வரி கிடையாது.

எது வாங்கணும்னும் விரிவா எழுதலாம்னுதான் நெனச்சேன், இப்ப மனசு இல்ல, சுருக்கமா சொல்லுதேன். ஒரு தோப்புக்குள்ள ஆடுற ஆட்டத்துக்கு அஞ்சு வாட் தேவையே இல்ல, அர வாட் 446 செட்டு போதும். பத்து கிலோமீட்டர்னு எவன் சொன்னாலும் அது மலை உச்சில இருந்து மலை உச்சிக்கு, மரமும் சுவரும் வந்தா சில நூறு மீட்டர்தான். 38 பிரைவசி கோடு இருக்கு, யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுன்னு சொல்லுவான், அது அடுத்தவன் பேச்சு உங்க காதுல விழாம தடுக்கும், உங்க பேச்ச மறைக்காது. பேசினா தானா ஆன் ஆகுற வசதிய ஆட்டத்துல போடாதீங்க, ஓடும்போது மூச்சு இரைக்குறது பூராவும் போவும். ஈடிஏ நம்பர கேளுங்க, பிடிஎஃப்ல உள்ள மாடலும் பொட்டில உள்ள மாடலும் ஒண்ணான்னு பாருங்க. மொதல்ல ரெண்டே செட்டு வாங்கி நீங்க ஆடுற இடத்துலயே பேசிப் பாருங்க. பொட்டிய பிரிக்கும்போது வீடியோ எடுங்க.

தேசிய நுகர்வோர் உதவி நம்பர் 1915ல புகார் குடுத்தாச்சு. மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போறோம், அஞ்சு லட்சத்துக்குள்ள உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, இது தெரியாம சும்மா இருந்துராதீங்க. இதே மாதிரி தென்காசி பக்கம்னு சொல்லிப் பேசுற குரல் உங்களுக்கும் வந்திருந்தா பில்ல வச்சிருங்க, சேந்து போடுவோம். அப்புறம் அந்தக் கூட வாற சார்ஜர், கைய வச்சா சுடுது, ராத்திரி சொருகிட்டு தூங்கிராதீங்க.