நம் நிறத்துக்கு எந்த லேசர்?

திருமணத்துக்கு நாள் குறித்ததும் முகத்துக்கு லேசர் செய்ய வேண்டும் என்று விலை விசாரிப்பவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பெருகிவிட்டார்கள். விலைக்கு முன் கேட்க வேண்டியது, அது எந்த இயந்திரம் என்பதைத்தான். முடி, கருமை ஆகியவற்றுக்கான லேசர் ஒளி மெலனின் என்ற நிறப்பொருளைத் தேடிச் சூடாக்குகிறது. அது முடியின் வேரிலும் இருக்கிறது, நம் மாநிறத் தோலின் மேற்பரப்பிலும் இருக்கிறது. வேருக்குப் போக வேண்டிய சூடு மேலேயே தங்கினால் தோல் கருகும்.

முடி அகற்றுவதற்கு மலிவாகக் கிடைப்பது ஐ.பி.எல். அது லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. வெள்ளைத் தோலில் நன்றாக வேலை செய்யும். எங்கள் உறவுப் பெண் ஒருத்தி இதைச் செய்துகொண்டு வந்தபோது, முழங்கைக்குக் கீழே அந்தக் கருவியின் கண்ணாடி முனை பட்ட இடமெல்லாம் செவ்வகம் செவ்வகமாகக் கறுத்திருந்தது. அது மங்கப் பல மாதங்கள் பிடித்தன. 755 நனோமீற்றர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசரும் கறுத்த தோலுக்கு ஆபத்தானதே. 810 நனோமீற்றர் டயோட் லேசர் நடுத்தரம். குளிரூட்டும் முனையும் பழகிய கையும் இருந்தால் மாநிறத்துக்குப் போதும். 1064 நனோமீற்றர் என்டி யாக் லேசர் ஆழமாக இறங்கும், மேல்தோலின் மெலனினை அதிகம் தீண்டாது. வலி கூடுதல், மெல்லிய பூனைமுடிக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆனாலும் நல்ல கறுப்பு நிறத்தவருக்கு நான் சொல்வது இதைத்தான். எதுவானாலும் சில வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும்; நரைமுடிக்கு எதுவும் பலிக்காது. நாடியில் தடித்த முடி வளர்ந்து மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருந்தால், முதலில் ஹோர்மோனைப் பரிசோதியுங்கள். காரணம் உள்ளே இருக்கும்வரை முடி திரும்ப முளைக்கும்.

கன்னத்தில் படரும் மங்குக்கு என் தீர்ப்பு வேறு: லேசர் கடைசியில்தான். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில் எல்லாம் சேர்ந்து வளர்க்கும் கருமை அது. லேசரால் கருமை குறைந்த முகம் சில மாதங்களில் மறுபடி கறுப்பது சாதாரணம். சிலருக்கு வெள்ளைப் புள்ளிகளும் விழுகின்றன. மருத்துவர் மேற்பார்வையில் பூசும், கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் கலந்த கிறீமும், இரும்பு ஒட்சைட்டு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனும் மெதுவாகவே வேலை செய்யும், ஆனால் செலவும் ஆபத்தும் குறைவு. போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் காட்டக் காசும் தேவையில்லை. கடையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கும் வெண்மைக் கிறீமை மட்டும் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பருவால் விழுந்த பள்ளத் தழும்புக்குக் காபனீரொட்சைட்டு லேசர் வலுவானது. அதன் 10,600 நனோமீற்றர் ஒளி தோலின் நீரைச் சூடாக்கிப் புதுத்தோல் வளரவைக்கும். ஆனால் நம் நிறத்தில் ஆறும்போது கருமை தட்டக்கூடும். மெல்லிய ஊசிகளால் தோலைக் குத்தும் நுண்ணூசிச் சிகிச்சையில் அந்தச் சூடு இல்லை. ஆழமில்லாத தழும்புக்கு அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

எதைச் செய்வதானாலும் பங்குனி, சித்திரை வெயிலில் வேண்டாம். வயலிலும் கடலிலும் நிற்பவர்கள் வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழியில் தொடங்குங்கள். காதுக்குப் பின்னால் சிறிய இடத்தில் முதலில் சோதித்து, சில வாரங்கள் பார்த்துவிட்டு முகத்துக்கு வரச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் இடத்தில் முற்பணம் கட்டாதீர்கள்.