மெல்ல எழும் ஒலியா, பின்னோக்கி ஓடும் ஒலியா: வீட்டில் செய்யும் கிற்றார் பெடல்கள் ஓர் ஒப்பீடு

கிற்றார் ஒலி மீட்டல் ஓசையின்றி மெல்ல எழ வேண்டும், அல்லது ஒலிநாடாவைத் திருப்பி ஓட்டியதுபோல் பின்னோக்கி ஒலிக்க வேண்டும் என்று விரும்பி, அதற்கான பெடலை (காலால் இயக்கும், ஒலியை மாற்றும் பெட்டியை) வீட்டிலேயே செய்ய முனைபவருக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, காலால் மிதித்து ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வொலியூம் பெடல். இரண்டாவது, தந்தி மீட்டப்பட்டதை உணர்ந்து, ஒலியைத் தானே அடக்கிப் பின்னர் படிப்படியாக உயர்த்தும் சுற்று. 1979 முதல் 1982 வரை பொஸ் நிறுவனம் விற்ற எஸ்.ஜி.-1 ஸ்லோ கியர் இவ்வகைக்கு முன்மாதிரியாகும். மூன்றாவது, வாசித்ததை நினைவகத்தில் பதிந்து உண்மையிலேயே தலைகீழாக ஒலிக்கச்செய்யும் இலக்கமுறைச் சுற்று. வீட்டில் செய்பவர்களிற் பலர் இதற்கு ஸ்பின் செமிகொண்டக்டர் நிறுவனத்தின் எஃப்.வி.-1 என்ற ஐ.சி.யை (ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லை) பயன்படுத்துகின்றனர். நான் பின்னைய இரண்டு வகைகளையும் செய்து, ஸ்லோ கியர் வகையையே வைத்துக்கொண்டேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, மட்டக்களப்பின் கல்லடியில் வசிக்கும் ஒருவனின் தேர்வு இது என்பதையும் வாசிப்பவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

வொலியூம் பெடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுற்று மிக எளிது. மிதிபலகையைச் செய்வதுதான் தச்சு வேலை. கிற்றாரின் வொலியூம் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அந்தப் பலகையும் தேவையில்லை.

ஒலியைப் பொறுத்தவரை மற்ற இரண்டுக்குமிடையிலான வேறுபாடு பெரியது. திருப்பி ஓட்டிய நாடாவில் ஒவ்வொரு சுரமும் மங்கலாகத் தொடங்கி, வளர்ந்து, மீட்டிய கணத்தில் சட்டென்று அறுந்துபோகும். ஸ்லோ கியர் வகைச் சுற்று இதன் முன்பாதியை மட்டுமே தருகிறது. பின்பாதியை வாசிப்பவர்தான் தர வேண்டும்: ஒலி உச்சத்தைத் தொடும் வேளையில் உள்ளங்கையால் தந்தியை அமுக்கினால் சுரம் அறுந்து நிற்கும். சுற்று அடுத்த சுரத்தை உணர்வதற்கு இடையில் ஒரு மௌனம் தேவைப்படுவதால், அதே அமுக்கல் சுற்றையும் மறுபடி ஆயத்தமாக்கிவிடுகிறது. ஆகவே சுரங்களை இடைவெளியின்றித் தொடுத்து வாசிப்பவருக்கு இந்தப் பெடல் ஏமாற்றமே அளிக்கும். முதற் சுரம் மட்டும் மெல்ல எழ, ஏனையவை வழக்கம்போலவே ஒலிக்கும். (வேகமான பைலாப் பாட்டுகளை வாசிப்பவர்கள் இரண்டையுமே மறந்துவிடலாம்.)

எஃப்.வி.-1 சுரங்களின் வரிசையையே தலைகீழாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் நினைவகம் ஒலியின் 32,768 மாதிரிகளை (கணத்துக்குக் கணம் எடுக்கும் அளவீடுகளை) மட்டுமே கொள்ளும். கைக்கடிகாரத்தில் உள்ள அதே 32.768 கிலோஹேட்ஸ் பளிங்கை (வேகத்தைத் தீர்மானிக்கும் கிறிஸ்டலை) வைத்து இயக்கினால் இது சரியாக ஒரு செக்கன். பதியும் இடம் முன்னோக்கியும் வாசிக்கும் இடம் பின்னோக்கியும் நகர்வதால் அவற்றின் இடைவெளி இரு மடங்கு வேகத்தில் விரிகிறது. எனவே ஒரே தடவையில் பின்னோக்கிக் கேட்கக்கூடிய துண்டு அரைச் செக்கனுக்கு மேல் நீள்வதில்லை. நிமிடத்துக்கு 120 தட்டுகள் உள்ள பாடலில் இது ஒரு தட்டுக்குச் சமம். நான் வாசிக்கும் தேவாலயப் பாடல்கள் பெரும்பாலும் அதைவிட மந்தமானவை. அவற்றில் துண்டு தட்டோடு பொருந்தாமல் நழுவிக்கொண்டே போகும். வேகம் குறைந்த பளிங்கைப் போட்டால் துண்டு நீளும், ஆனால் மேற்சுரங்களின் தெளிவு குறையும்.

இவ்வளவும் ரசனை சார்ந்தவை. ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியும் தெரிவுசெய்யலாம். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இங்கே கடற்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. மார்கழியில் மழையும் வாடையும் சேர்ந்து வீசும் நாட்களில், அலுமாரிக்குள் இருக்கும் பெடலின் ஜாக்குகளிற்கூடக் கறல் பிடிக்கிறது. கால் சுவிட்சின் தொடுமுனைகள் முதலில் கரகரத்துப் பின்னர் செத்துப்போகின்றன. எந்தப் பெடலைச் செய்தாலும் சுற்றுப்பலகையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஜாக்குகளையும் சுவிட்சையும் விட்டுவிட்டு நிறமற்ற வார்னிஷ் பூச வேண்டும். அப்படியும் பழுது வரும். ஆகவே பெடல் பழுதாகுமா என்று கேட்பதைவிட, பழுதானால் மாற்றுப் பாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்று கேட்பதே பயனுள்ளது.

ஸ்லோ கியரின் மூல வடிவமைப்பிலும் இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது மாறும் தடையியாக எஃப்.ஈ.ரி. (புல விளைவு) திரான்சிற்றரைப் பயன்படுத்துகிறது. இவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை: 2என்5457 என்ற வகையின் மூடும் மின்னழுத்தம் 0.5 முதல் 6 வோல்ற்று வரை எங்கும் இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. துளையிட்டுப் பொருத்தும் பழைய வடிவின் உற்பத்தி நின்றுபோனதால், இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் போலிகளும் கலந்துவிட்டன. ஒன்று பழுதானால் பலவற்றை வாங்கி, அளந்து, பொறுக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க, அந்த இடத்தில் ஒரு எல்.ஈ.டி.யையும் வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் ஒரு எல்.டி.ஆரையும் நேருக்கு நேர் வைத்து, கருப்புச் சுருங்குகுழாயால் வெளிச்சம் புகாதபடி மூடினேன். மௌனத்தில் எல்.ஈ.டி. எரிகிறது, எல்.டி.ஆரின் தடை மிகக் குறைந்து ஒலியைச் சுற்றின் நிலத்துக்கு (கிரவுண்டுக்கு) இறக்கிவிடுகிறது. தந்தி மீட்டப்பட்டதும் எல்.ஈ.டி. மங்க, தடை ஏறி ஒலி எழுகிறது. வெளிச்சம் பட்டவுடன் சட்டென்று தடை இறங்குவதும், வெளிச்சம் போனபின் மெதுவாக ஏறுவதும் எல்.டி.ஆரின் இயல்பு. வேறு பல சுற்றுகளிற் குறையாகக் கருதப்படும் இந்தச் சோம்பல் இங்கே வேண்டிய குணமாகிறது. விலையாகக் கொடுக்க வேண்டியவை இரண்டு: மிக விரைவான எழுச்சி கிடைக்காது, எல்.ஈ.டி. ஓய்விலும் எரிவதால் 9 வோல்ற்று பற்றரி விரைவில் இறங்கிவிடும், எனவே அடப்டர்தான் உகந்தது.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது, வெளிநாட்டை எதிர்பாராத பெடல். சுற்றில் உள்ள டி.எல்.072 ஐ.சி., பி.சி.547 திரான்சிற்றர், 1என்4148 டயோட் ஆகியவை அம்பிளிபயர் திருத்தும் எவரிடமும் இருக்கும் பாகங்கள், எல்.டி.ஆரைப் பாடசாலைச் செயற்றிட்டங்களுக்காக விற்கிறார்கள். மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ கிடைக்காவிட்டாலும் கொழும்பு புறக்கோட்டைக்கு அப்பால் தேட வேண்டியிராது. எஃப்.வி.-1 அப்படியல்ல. 1.27 மில்லிமீற்றர் இடைவெளியில் 28 கால்கள் கொண்ட அந்த ஐ.சி.க்கு ஈயம் வைப்பது பொறுமையுள்ளவருக்குக் கடினமன்று. ஆனால் அதற்கு 3.3 வோல்ற்று மின்வழங்கல் தனியாக வேண்டும், பின்னோக்கு நிரலை வெளி நினைவக ஐ.சி. ஒன்றில் கணினி மூலம் ஏற்ற வேண்டும், எது போனாலும் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டும். என் எஃப்.வி.-1 பெடல் இதுவரை பழுதாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் மட்டும் வாசித்த, ஒரு மாரிகாலத்தையும் முழுமையாகக் காணாத பெடல் அது. ஆகவே உப்புக்காற்றை அது தாங்காது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒலிப்பதிவுக்காக மட்டும் பின்னோக்கிய ஒலி வேண்டுவோருக்குக் கணினியில் பதிந்த துண்டைத் திருப்பிவிடுவதே போதும்; அதில் அரைச் செக்கன் எல்லையும் இல்லை. தாளத்துக்குக் கட்டுப்படாமல் தனியே நீண்ட ஒலிப்பரப்புகளை மேடையில் வாசிப்பவருக்கு எஃப்.வி.-1 தான் பொருத்தம், அங்கே என் தெரிவு அவருக்கு உதவாது. அவர் பாகங்களை வரவழைக்கும்போதே எஃப்.வி.-1 ஒன்றையும் நிரல் ஏற்றிய நினைவக ஐ.சி. ஒன்றையும் மேலதிகமாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொதியுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருப்பது நல்லது.