டெலீட் விசையை அடைப்பதா, அழிப்பையே பிடிப்பதா?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் சிலவற்றில் பில் கணக்கு இன்னும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய கோப்பில்தான் ஓடுகிறது. பில் ஏற்றும் அக்கா எண்ணிக்கைக் கட்டத்தில் ஓர் இலக்கத்தை அழிக்கப் போவார். மவுஸ் வரிசையின் இடது ஓரத்தில் பட்டு முழு வரிசையும் தேர்வாகியிருக்கும். டெலீட்டைத் தட்டினால் வரிசையே காலி. ஆக்சஸ் ஒருமுறை கேட்கும். நாள் முழுக்க பில் ஏற்றுகிறவர் அதைப் படிக்காமல் ‘ஆம்’ போட்டுவிடுவார். பிறகு அன்டூ கிடையாது.

பலரும் முதலில் விசையைத்தான் பிடிக்கிறார்கள். அதாவது பில் ஏற்றும் திரையான படிவத்தில், விசைகளை முதலில் படிவமே பார்க்க வைக்கும் கீபிரிவியூவை இயக்கி, விசை அழுத்தியதும் எழும் கீடவுன் நிகழ்வில் டெலீட் வந்தால் விசையின் எண்ணான கீகோடைச் சுழியாக்கி அதைச் செயலிழக்க வைப்பது. இப்படி மொட்டையாக எழுதினால் கட்டத்துக்குள் ஓர் எழுத்தைக்கூட டெலீட்டால் அழிக்க முடியாது. பல வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் தொடர் படிவத்தில், தேர்வான வரிசைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் செல்ஹைட் சுழிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, வரிசை தேர்வாகியிருந்தால் மட்டும் தடுப்பது கொஞ்சம் மேல். அப்போதும் கன்ட்ரோல்-மைனஸ், ரிப்பனில் உள்ள டெலீட் கட்டளை, வலது கிளிக், கட் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. விசைகளுக்குக் கோப்பு முழுவதற்கும் வேறு வேலை கொடுக்கும் ஆட்டோகீஸ் மேக்ரோ இதைவிட மோசம். கோப்பில் உள்ள எல்லாப் படிவங்களிலும் டெலீட் விசையைக் கைப்பற்றிவிடும்.

அழிக்க அனுமதி உண்டா என்று சொல்லும் படிவத்தின் அலவ்டெலீஷன்ஸ் பண்பை ‘நோ’ ஆக்கினால் இந்த வழிகள் எல்லாம் ஒரே அடியில் அடைபடும். ஒரு வரி நிரல்கூட வேண்டாம். படிவத்துக்குள் இருக்கும் துணைப்படிவத்துக்கு அதைத் தனியாக வைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பில் வரிசைகள் இருப்பதே அங்கேதான். ஆனால் தவறாக ஏற்றிய வரிசையை நீக்க வழியே இல்லாமல் போனால், ஊழியர்கள் எண்ணிக்கையைச் சுழியாக்கி வைப்பார்கள், அறிக்கை குப்பையாகும்.

என் தேர்வு, ஒரு பதிவை (வரிசையை) அழிக்கப் போகும்போது எழும் படிவத்தின் டெலீட் நிகழ்வு. எந்த வழியில் அழிக்க வந்தாலும், தேர்வான ஒவ்வொரு பதிவுக்கும் அது ஒருமுறை எழும். அங்கே கேன்சலை ‘ட்ரூ’ ஆக்கி, அந்தப் பதிவில் ‘நீக்கப்பட்டது’ என்ற ஆம்/இல்லை புலத்தை அப்டேட் செய்துவிடலாம். படிவத்தின் பதிவுகளை மறுபடி ஏற்றும் ரிகுவெரியை மட்டும் இந்த நிகழ்வுக்குள் போடாதீர்கள். பல வரிசைகள் தேர்வாகியிருந்தால் நடுவில் குழம்பும். சற்றுப் பிறகு எழும் டைமர் நிகழ்வுக்கு அதைத் தள்ளிவிடுங்கள். உறுதிப்படுத்தும் கேள்விக்கு முன் எழும் பிஃபோர்டெல்கன்ஃபர்ம் நிகழ்வில் எழுதலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆக்சஸ் அமைப்பில் பதிவு மாற்ற உறுதிப்படுத்தலை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் அந்த நிகழ்வே எழாது. அது கணினிக்குக் கணினி மாறும் அமைப்பு என்பதால் அதை நம்ப முடியாது.

அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறித்து மறைப்பதற்கு விலை உண்டு: பழைய அறிக்கைகள் எல்லாவற்றிலும் வடிகட்டி வேண்டும். அதற்கு எளிய வழி, அட்டவணையின் பெயரை மாற்றி, வடிகட்டிய குவெரி ஒன்றுக்குப் பழைய பெயரையே கொடுப்பது. பெயர் மாற்றங்களைத் தானாகவே எல்லா இடத்திலும் பின்தொடரும் பெயர் ஆட்டோகரெக்ட்டை முதலில் நிறுத்துங்கள், இல்லையேல் அறிக்கைகள் புதுப் பெயரைத் தொடர்ந்து போய்விடும்.

சிங்கப்பூரில் வியாபாரப் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம். விற்பனை வரிசையை நிஜமாகவே அழிக்கும் படிவம் இங்கே யாருக்கும் ஆகாது. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

டெலீட் நிகழ்வுக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அட்டவணையை நேரடியாகத் திறந்தோ அழிக்கும் குவெரியை ஓட்டியோ வேலை செய்கிறவர் படிவத்துக்குள் வருவதே இல்லை. ஆக்சஸ் 2010 முதல் உள்ள, அட்டவணையிலேயே எழுதும் டேட்டா மேக்ரோ அதையும் தடுக்கும். ஆனால் கோப்பு ஆக்சஸின் புதிய ஏசிசிடிபி வடிவில் இருக்க வேண்டும். பழைய எம்டிபி கோப்பை மாற்ற முதலாளி சம்மதித்தால் டெலீட் நிகழ்வு, டேட்டா மேக்ரோ இரண்டையும் சேர்த்தே வையுங்கள். சம்மதிக்காவிட்டால் டெலீட் நிகழ்வை எழுதி, அட்டவணைகளையும் குவெரிகளையும் பட்டியலிடும் வழிசெலுத்தும் பலகத்தை ஊழியர்களின் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள்.