நவதிருப்பதியா, நவகைலாயமா: நடை சாத்திய பிறகு என்ன செய்வீர்கள்?

நவதிருப்பதிக்குப் போனது மூன்று வருடத்துக்கு முன்பு. புரட்டாசிக் கூட்டம் வேண்டாம் என்று ஆவணியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போனோம். நவகைலாயம் போனது இந்தத் தை மாதம், அப்பாவின் வருஷ திதி முடிந்த கையோடு. இரண்டுக்கும் போனவன் என்பதால், பாளையங்கோட்டைக்கு வருகிற சொந்தக்காரர்கள் எதற்குப் போகலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நவகைலாயத்தின் பக்கம். சைவன் என்பதால் அல்ல. அந்த வழக்கை எங்கள் அத்தை பார்த்துக்கொள்வாள்.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டுமே தாமிரபரணியை ஒட்டிய ஒன்பது கோயில்கள், ஒவ்வொன்றும் ஒரு கிரகத்துக்கு. நவதிருப்பதி பெருமாள் கோயில்கள். ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என்று எட்டு இடங்களில் முடிந்துவிடும். இரட்டைத் திருப்பதியில் மட்டும் இரண்டு கோயில். நவகைலாயம் சிவன் கோயில்கள். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். 1986ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்ததில் இவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டன. எங்கள் வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்றும் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.

கோயில் என்று பார்த்தால் நவதிருப்பதி ஒரு படி மேல். கோயில்கள் பெரியவை, பராமரிப்பு நன்றாக இருக்கிறது, வழிகேட்டு அலைய வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைப் பார்க்கலாம். திருப்புளிங்குடியில் பெருமாளின் பாதத்தைப் பிரகாரத்து ஜன்னல் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். என் மகனுக்கு அந்தப் பயணத்தில் நினைவில் நின்றது அது ஒன்றுதான். ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருப்பதால் ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்கலாம்.

அதுதான் வம்பு. பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே நாளில் முடிக்கத் தோன்றுகிறது.

அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பது பெயரையும் வரிசையாக எழுதிக்கொண்டு வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு கோயிலிலிருந்து ஏறியதும் ஒரு டிக். டிரைவர் தம்பிக்கும் அந்த வேகம் தொற்றிக்கொண்டது. “அண்ணாச்சி, பன்னிரண்டுக்குள்ள இரட்டைத் திருப்பதியை முடிச்சிருவோம்” என்றான். முடித்தோம். ஆறு டிக். அதற்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணி வரை எந்த வாசலும் திறக்கவில்லை. தென்திருப்பேரையில் வேனுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. திருக்கோளூர் போனபோது அம்மா இறங்கவே இல்லை. “நீங்க போய் எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். அங்கே வைத்தமாநிதிப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அப்பா திரும்பி வந்து ஜன்னல் பக்கம் நின்று, “நம்ம வீட்டு நெல் அளக்குற மரக்கா கணக்கா இருக்கு” என்று கையை மடக்கித் தலைக்கு வைத்துக் காட்டினார். பிறகு ஏறி உட்கார்ந்து டிக் போட்டார். அம்மாவுக்கும் சேர்த்துத்தான் போட்டாரா என்று தெரியவில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: நடை சாத்தியிருக்கும் நேரம். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மத்தியானம் பன்னிரண்டை ஒட்டிச் சாத்திவிட்டு சாயங்காலம் நாலரை, ஐந்துக்குத்தான் திறக்கும். சின்ன ஊர்களில் அர்ச்சகர் இன்னொரு கோயிலையும் சேர்த்துப் பார்ப்பார், அதனால் இன்னும் முன்னேபின்னே ஆகும். வாடகை வேனா சொந்தக் காரா, எந்தக் கோயிலில் தொடங்குவது என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஆனால் வெளிச்சம் இருக்கிற நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு, நாம் பூட்டிய கதவுக்கு வெளியே இருக்கப்போகிறோம். அந்த நேரத்தை எங்கே, எப்படிக் கழிப்பீர்கள்? அதை முடிவு செய்துவிட்டால் மற்றது தானாக அமையும்.

நவகைலாயம் இங்கேதான் ஜெயிக்கிறது, அதுவும் அதன் குறையாலேயே. கோயில்கள் மலையடிவாரத்திலிருந்து கடலோரம் வரை நீண்டு கிடக்கின்றன. சுற்றுவழியையும் சேர்த்தால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அகத்தியரின் சீடரான உரோமச முனிவர் ஆற்றில் விட்ட தாமரைப் பூக்கள் ஒதுங்கிய இடங்கள் என்பது கதை. கடைசிப் பூ சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். அதிகாலையில் கிளம்பி ஒரே நாளில் முடித்துத் தருகிற வேன்காரர்கள் இதற்கும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்பது ஊரையும் எழுதிய தாளைப் பார்த்ததுமே அம்மா, “மிதந்து போன பூவே இத்தனை எடத்துல நின்னுருக்கு, நமக்கு என்னல அவசரம்?” என்று கேட்டுவிட்டாள். மூன்று நாளாகப் பிரித்தோம்.

முதல் நாள் பாபநாசமும் சேரன்மகாதேவியும். காலையில் பாபநாசநாதரையும் உலகம்மையையும் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் முழுக்கப் படித்துறைப் பக்கம் மரத்தடியில் இருந்தோம். பொரி போட்டால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. சொதியும் இஞ்சித் துவையலும் தூக்குவாளியில் இருந்தன. என் மகன் அத்தையிடம், “ஆச்சி, நடை சாத்துனா சாமி என்ன செய்யும்?” என்று கேட்டான். “சாப்பிட்டுட்டுப் படுக்கும், உங்க தாத்தா மாதிரி” என்றாள் அத்தை. அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அப்பா பேச்சுக்கு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மாவின் பையில் அப்பாவின் காசித்துண்டு ஒன்று இருந்தது. பாபநாசத்தில் உடுத்திய துணியை ஆற்றோடு விடும் வழக்கம் பலருக்கும் தெரியும். அதற்காகத்தான் கொண்டுவந்திருந்தாள், எங்களிடம் சொல்லவில்லை. படியில் இறங்கி நின்று பார்த்தாள். தண்ணீருக்குள் கல் இடுக்கிலும் வேரிலும் சேலைகள், வேட்டிகள், ஒரு குழந்தையின் சட்டை, எல்லாம் பாசி பிடித்துச் சுற்றிக் கிடந்தன. ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சேரன்மாதேவிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்றாள். ஒரு நாளில் முடிக்கிற அவசரத்தில் வந்திருந்தால் துண்டை வீசிவிட்டு வேனில் ஏறியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை கோடகநல்லூரும் குன்னத்தூரும். இருபுறமும் பிசான நெற்பயிர் பச்சையாக நின்றது. வெயிலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டு, சாயங்காலம் முறப்பநாடு. அங்கே நந்திக்குக் குதிரை முகம். குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி ஆற்றில் முழுகி எழுந்தபோது அவள் முகத்தை நந்தி வாங்கிக்கொண்டதாம். மகள் அதைக் கேட்டுவிட்டு, “நந்தி பாவம்ல” என்றாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் சிக்கல். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு சின்னக் கோயிலில் திறக்கும் நேரம் என்று சொன்னதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாவி வந்தது. எனக்குக் கோபம். அம்மா வாசல் கல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து, “வீட்டுல போய் என்னல செய்யப்போறோம்?” என்றாள். சாவியோடு வந்தவர் வேர்த்துப்போய் சைக்கிளை நிறுத்தினார். எங்களுக்காக மறுபடி விளக்கேற்றி, அப்பா பெயர் நட்சத்திரம் கேட்டுத் தனியாக அர்ச்சனை செய்தார். சண்டை போடலாம் என்று தயாராக வைத்திருந்த வார்த்தைகள் என்னிடமே இருக்கின்றன.

நவகைலாயத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். சின்ன ஊர்களில் சுத்தமான கழிப்பிடம் கிடைப்பது கஷ்டம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இருந்தால் பெரிய ஊர்களை வைத்தே திட்டமிடுங்கள். மழை மாதங்களில் ஆற்றோரச் சாலைகளை விசாரித்துவிட்டுப் போங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் இன்னும் சுவரில் உயரம் காட்டித்தான் சொல்கிறார்கள். புரட்டாசியிலும் மார்கழியிலும் விடுகிற சிறப்புப் பேருந்துகளில் நான் போனதில்லை, அது எப்படி என்று போனவர்களைக் கேளுங்கள். நவதிருப்பதியையும் மூன்று நாளாகப் பிரித்துப் போயிருந்தால் நான் இப்படிப் பேசியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். ஸ்ரீவைகுண்டமும் தென்திருப்பேரையும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன, அங்கே தங்கினால் கொஞ்சம் இதையும் அதையும் கலந்துகொள்ளலாம். கிரக தோஷத்துக்கு எது பலன் தரும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை அரைகுறை.

அம்மாவுக்குத் திருக்கோளூர் பாக்கி இருக்கிறது. பங்குனியில் அந்த ஒன்றுக்கு மட்டும் போகலாம் என்கிறாள். காசித்துண்டு அவள் பையில்தான் இருக்கிறது. சேர்ந்தபூமங்கலத்தில் மகனின் தலையைத் துவட்டிய ஈரத்தோடு வந்தது, மறுநாள் துவைத்துக் கொடியில் போட்டாள்.