ஜெபர்டி சாம்பியன் தோற்கும் நாள்: ஸ்பாய்லர் படாமல் பார்த்து வரும் ஒரு நீண்டகால ரசிகரின் அனுபவம்

அமெரிக்கா வந்த புதிதில் ஆங்கிலம் பழகுவதற்காகப் பார்க்க ஆரம்பித்த டிவி வினாடி வினா நிகழ்ச்சி ஜெபர்டி. இன்றுவரை விடவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ரெக்கார்ட் ஆனதைப் போட்டு, ஃபைனல் கேள்வி வரும்போது பாஸ் செய்து, வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டு மேலே பார்ப்பது எங்கள் வழக்கம். நிகழ்ச்சியைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல எத்தனையோ இருந்தாலும் இங்கே ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்: நெடுநாள் ஜெயித்துக்கொண்டிருக்கும் சாம்பியன் தோற்கிற அந்த ஒரு எபிசோடை, முடிவு தெரியாமல் பார்ப்பது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. தினமும் மூன்று பேர் விளையாடுவார்கள், ஜெயித்தவர் மறுநாளும் வருவார். ஃபைனல் என்ற கடைசிக் கேள்விக்கு, அதுவரை சேர்த்த பணத்தில் ஒரு தொகையைப் பந்தயம் கட்ட வேண்டும், பதில் சரியானால் அது கூடும், தவறானால் குறையும். முன்பெல்லாம் ஐந்து நாள் ஜெயித்தால் அனுப்பிவிடுவார்கள். 2003-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டதால், இப்போது தோற்கும்வரை ஆடலாம். அதனால்தான் மாதக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்க்கிற அனுபவமே வந்தது. சாதாரண எபிசோடின் முடிவை யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை, கேள்விகளுக்கு நானே பதில் சொல்லும் சந்தோஷம் அப்படியே இருக்கும். ஆனால் முப்பது நாளாக ஒருவரைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் "இன்றைக்கா?" என்ற நெஞ்சுப் படபடப்போடு பார்த்து வந்தபிறகு, அந்த "இன்றைக்கு" எது என்பதை ஒரு போன் நோட்டிஃபிகேஷன் மதியமே சொல்லிவிட்டால், போனது அந்த ஒரு நாள் மட்டுமல்ல, காத்திருந்த அத்தனை நாளும்தான்.

கசிவதற்கு வழிகள் ஏராளம். ஒரே நாளில் ஐந்து எபிசோடு படம் பிடிக்கிறார்கள், ஒளிபரப்பாவது பல வாரம் கழித்து. ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். போட்டியாளர்கள் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள், அவர்களால் பிரச்சினை வருவது அபூர்வம். அப்புறம், நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி இல்லை இது. ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனும் தனக்கு வசதியான நேரத்தில் போடுகிறது. அலபாமாவின் மாண்ட்கொமரியில் காலையிலேயே வந்துவிடும், சிகாகோவில் பிற்பகலில், பல ஊர்களில் மாலை ஏழு, ஏழரை. காலையில் பார்த்தவர் எழுதினால், மாலையில் பார்ப்பவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது.

கென் ஜென்னிங்ஸ் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். 2004-ல் 74 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார். 75-வது ஆட்டம் படமானது செப்டம்பரில், ஒளிபரப்பானது நவம்பர் 30 அன்று. படமான சில நாட்களிலேயே தோற்றுவிட்டார் என்ற செய்தி இணையத்திலும் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. அதாவது இரண்டு மாதத்துக்கும் மேலாக, மனுஷன் தினமும் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, பார்க்கிறவர்களுக்கு அவர் விழப்போவது தெரியும். கடைசிக் கேள்வி, எழுபதாயிரம் தற்காலிக ஊழியர்களில் பெரும்பாலோர் வருடத்துக்கு நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் நிறுவனம் எது என்பது. விடை ஹெச் அண்ட் ஆர் பிளாக், வரி தாக்கல் செய்து கொடுக்கும் கம்பெனி. ஜென்னிங்ஸ் ஃபெடெக்ஸ் என்று எழுதினார். சரியாக எழுதி ஜெயித்தவர் நான்சி ஸெர்க். 14,400 வைத்திருந்த ஜென்னிங்ஸை 14,401 டாலரில் தாண்டினார், அதாவது ஜென்னிங்ஸ் பந்தயம் எதுவும் வைக்காமல் நின்றிருந்தால்கூட ஒரு டாலர் அதிகமாக இருக்கும்படி கணக்குப் போட்டிருந்தார். எத்தனை நிதானம் வேண்டும் அதற்கு! கசிந்த செய்தியை முன்கூட்டியே படித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு டாலரைக் கவனித்திருப்பார்கள்?

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். ஸ்பாய்லர், அதாவது முடிவை முன்கூட்டியே போட்டு உடைக்கும் செய்தி, எப்போதும் தோற்றவரின் பெயரோடு வருகிறது, நம்மிடமிருந்து பறிப்பது ஜெயித்தவரின் ஆட்டத்தை. முடிவு தெரிந்து பார்க்கும்போது சாம்பியன் எங்கே சறுக்குகிறார் என்றுதான் கண் தேடுகிறது, பக்கத்தில் இன்னொருவர் அற்புதமாக விளையாடிக்கொண்டிருப்பது கண்ணில் படுவதே இல்லை.

2019-ல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் தோற்றது இதற்குச் சரியான சான்று. 32 ஆட்டத்தில் 24,62,216 டாலர். ஜென்னிங்ஸின் 25,20,700 என்ற தொகையைத் தொட இன்னும் 58,484 தான் பாக்கி, அவர் ஒரே நாளில் 1,31,127 டாலர் எடுத்த ஆள். நாடே காத்திருந்தது. ஜூன் 3 திங்கட்கிழமை ஒளிபரப்பு, அதற்கு முன்பே ஆட்டத்தின் கடைசிப் பகுதி மட்டும் வீடியோவாக வெளியே வந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதில் தெரிந்தது என்ன? எப்போதும் பெரிய பெரிய தொகையாகப் பந்தயம் கட்டுகிறவர், ஃபைனலில் வெறும் 1,399 டாலர் வைக்கிறார், தோற்கிறார், சிரித்துக்கொண்டே ஜெயித்தவரோடு கை தட்டிக்கொள்கிறார். உடனே வேண்டுமென்றே தோற்றார் என்று பேச்சு கிளம்பியது.

முழு ஆட்டத்தையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு எத்தனை அநியாயம் என்று தெரியும். ஃபைனலுக்கு முன் எம்மா போட்சரிடம் 26,600, ஜேம்ஸிடம் 23,400, மூன்றாவதாக ஜே செக்ஸ்டனிடம் 11,000. எம்மா சரியாகச் சொல்லி, தேவையான அளவு பந்தயமும் வைத்திருந்தால் ஜேம்ஸ் என்ன வைத்தாலும் ஜெயிக்க முடியாது. எம்மா தவறவிட்டால் மட்டுமே வாய்ப்பு, அப்போது ஜே தன் பணத்தை இரட்டிப்பாக்கி 22,000 ஆக்கினாலும் முந்திவிடக்கூடாது. 23,400-லிருந்து 1,399 போனால் 22,001. அதுதான் கணக்கு. பதிலும் சரியாகவே எழுதினார், ஷேக்ஸ்பியரின் ஒரு வரி குறிப்பதாகச் சொல்லப்படும் கிறிஸ்டோபர் மார்லோ. எம்மாவும் மார்லோ என்றே எழுதியிருந்தார், 46,801 டாலரோடு ஜெயித்தார்.

எம்மா யார் தெரியுமா? சிகாகோ பல்கலைக்கழக நூலகர், முதுகலைப் படிப்புக்கு அவர் எழுதிய ஆய்வே ஜெபர்டி கேள்விகள் எந்த அளவு கடினம் என்பதைக் கணிக்க முடியுமா என்பது பற்றித்தான். இரண்டாவது சுற்றின் இரண்டு டெய்லி டபுளும் (கையிலிருக்கும் பணத்தைப் பந்தயம் கட்டி ஆடும் சிறப்புக் கேள்விகள்) அவர் கையில் சிக்கின, இரண்டையும் துணிந்து ஆடினார். ஜேம்ஸுக்குக் கிடைத்த ஒரே டெய்லி டபுள் ஆட்டத்தின் முதல் கேள்வியிலேயே வந்துவிட்டதால் அதில் கட்டுவதற்குக் கையில் பணமே இல்லை. ஜேம்ஸை அவர் பாணியிலேயே ஆடி வென்ற பெண்மணியை, கசிந்த துண்டு வீடியோ பார்த்தவர்கள் கடைசியில் நின்ற யாரோ ஒருவராகத்தான் பார்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஒப்பிட, ஏமி ஷ்னைடரின் கடைசி ஆட்டத்தை நாங்கள் எதுவுமே தெரியாமல் பார்த்தோம். 2022 ஜனவரி 26. அதுவரை 40 ஆட்டம் ஜெயித்தவர், ஃபைனலுக்கு வரும்போதும் 27,600-க்கு 17,600 என்று முன்னணியில்தான் இருந்தார். கேள்வி: ஆங்கிலத்தில் எழுதினால் ஹெச் என்ற எழுத்தில் முடியும் ஒரே நாடு, மக்கள்தொகையில் முதல் பத்துக்குள் ஒன்று. வீட்டில் எல்லோரும் பங்களாதேஷ் என்று கத்தினோம், ஏமிக்கு மட்டும் வரவில்லை. ரோன் டால்ஸ்மா, இவரும் சிகாகோ பக்கத்து நூலகர், சரியாக எழுதி 29,600-க்குப் போனார். தன்னால் நம்பவே முடியவில்லை என்கிற அவர் முகத்தை நாங்களும் அதே நம்பமுடியாத முகத்தோடு பார்த்தோம். முடிவு தெரிந்திருந்தால் அந்த நொடி எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதே வருடம் மே மாதம் மேட்டியா ரோச் 23 வெற்றிக்கு அப்புறம் ஒரே ஒரு டாலரில், 15,599-க்கு 15,600 என்று, டேனியல் மோரரிடம் தோற்றார். அதையும் தெரியாமல் பார்த்தோம், எழுந்து நின்று பார்த்தோம்.

இனி நடைமுறை. பெரிய தொடர் வெற்றி நடக்கும் சமயத்தில் செய்தி ஆப்களின் நோட்டிஃபிகேஷனை முழுக்க அணைத்துவிடுங்கள். நான் வைத்திருந்த ஒரு செய்தி ஆப் தலைப்பிலேயே முடிவைப் போட்டுவிட்டது, அதைத் திறக்காமல் இருந்தும் பயனில்லை, அன்றைக்கே அழித்துவிட்டேன். சமூக ஊடகத்தில் நிகழ்ச்சியின் பெயரையும் சாம்பியனின் பெயரையும் மியூட் செய்யலாம், ஓரளவு உதவும், ஆனால் பெயரே இல்லாமல் "ஐயோ, முடிந்துவிட்டதே" என்று எழுதுகிறவர்களை அது தடுக்காது. யூடியூப் ஆபத்தான இடம். பழைய ஆட்டம் ஒன்றைத் தேடினால்கூட ஓரத்தில் இன்றைய முடிவு படத்தோடு வந்து நிற்கும், அந்த வாரங்களில் அந்தப் பக்கமே போவதில்லை. இப்போது ஹுலு, பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் தளங்களில் மறுநாள் பார்க்கிற வசதி வந்திருக்கிறது, ஆண்டெனாவோ கேபிளோ இல்லாதவர்களுக்கு நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு முழு நாள் தாமதம் என்பதால் தொடர் வெற்றியைப் பின்தொடர்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர் ஸ்டேஷன் எத்தனை மணிக்குப் போடுகிறது என்று பார்த்து, ரெக்கார்ட் செய்து அன்றிரவே பார்த்துவிடுங்கள். ரெக்கார்டிங்கைக் கூடவே ஐந்து நிமிடம் நீட்டி வையுங்கள். புயல் எச்சரிக்கை, அவசரச் செய்தி என்று நிகழ்ச்சி தள்ளிப்போகும் நாளில் ஃபைனல் கேள்விதான் முதலில் வெட்டுப்படும்.