கோர்ஃபா, போடியமா? ஒரு நாள் கோட்டைப் பயணம்

தென் இங்கிலாந்தில் ஒரே ஒரு பாழடைந்த கோட்டைக்குத்தான் நேரம் என்றால், பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இது. இரண்டும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை வசம். அதன் உறுப்பினர்களுக்கு நுழைவு இலவசம்.

டார்செட்டிலுள்ள கோர்ஃப் உண்மையான இடிபாடு. ஆங்கிலேய உள்நாட்டுப் போரில், 1646-இல், மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. சில சுவர்கள் சாய்ந்தபடியே இன்றும் நிற்கின்றன. பாதை செங்குத்து, மழையில் கல் வழுக்கும். தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்வதே மேல். வேர்ஹாம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. காரில் வந்தால் பக்கத்திலுள்ள நார்டன் நிலையத்தில் நிறுத்தி, அங்கிருந்து நீராவி ரயிலில் கோர்ஃப், பிறகு ஸ்வானேஜ் கடற்கரை. கோட்டையை முழுதாகப் படமெடுக்க உள்ளே நிற்காதீர்கள், பக்கத்துக் குன்றில் ஏறுங்கள்.

சசெக்ஸிலுள்ள போடியம் 1385-இல் மன்னரிடம் அனுமதி பெற்றுக் கட்டியது. அகழி நடுவே வெளிச்சுவர் ஏறக்குறைய முழுசாக நிற்கும். உள்ளே வெறும் கூடுதான். (அன்றைய கழிப்பறைக் கழிவு நேரே அந்த அகழியில்தான் விழுந்தது!) தரை சமம், ஆனால் கோபுரப் படிகள் குறுகல். இங்கே பலர் ஏமாறுவது ரயில் விஷயத்தில்: டென்டர்டனிலிருந்து வரும் நீராவி ரயில் போடியத்தோடு நின்றுவிடும், லண்டன் பாதையோடு இணைப்பில்லை. லண்டன் பாதையிலுள்ள ராபர்ட்ஸ்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கினால் டாக்ஸியை முன்பே சொல்லிவையுங்கள். கார் இருந்தால் பேட்டில் மடாலயத்தையும் சேர்க்கலாம்.

இரு நீராவி ரயில்களும் ஆண்டு முழுவதும் தினமும் ஓடாது. கால அட்டவணை பார்த்தே தேதி குறியுங்கள். முதியவர்களோடு போனால் போடியம். கார் இல்லாவிட்டால், யோசிக்காமல் கோர்ஃப்.